ஆபரேஷனுக்குப் பிறகு: உடனிருப்பவர்களின் கேள்விகள்

அறுவை சிகிச்சை முடிந்தவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். உங்கள் மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். வயிற்றைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

கேள்வி: அப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். முன்பு ஒரு தடவை, கிளம்புகிற நேரத்தில் எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லி அனுப்பினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துபோனது. இந்தத் தடவை எப்படித் தயாராவது?

பதில்: கிளம்புகிற நேரம் கற்றுக்கொள்கிற நேரமே இல்லை. பில் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், மருந்துப் பை ஒரு பக்கம் என்று மனசு எதிலும் நிற்காது. இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். நர்ஸ் டிரெஸ்ஸிங் மாற்றும்போதும், டிரெயின் (உள்ளே தேங்கும் நீரை வெளியே எடுக்கும் குழாய்) பையைக் காலி செய்யும்போதும், அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போதும் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த வேளை, “நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள்” என்று சொல்லுங்கள். உங்கள் கையால் இரண்டு முறை செய்தது வீட்டில் மறக்காது. வாயால் கேட்டது மறக்கும். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோருமே தலையாட்டிவிடுகிறோம். அதற்குப் பதிலாக, அவர்கள் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். எங்கே தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒருவரால் பகலும் இரவும் விழித்திருக்க முடியாது.

டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பாலும் விட்டுப்போவது பழைய மாத்திரைகளின் கதை. ஆபரேஷனுக்காக நிறுத்திவைத்த ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை ஆகியவற்றில் எதை எந்தத் தேதியில், எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெட்டியெடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் முடிவு எப்போது வரும், யார் வாங்குவது என்பதையும் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் எந்த எண்ணைக் கூப்பிடுவது? பகலில் வெளிநோயாளிப் பிரிவு எடுக்கும் எண் அந்த நேரத்தில் சும்மா மணியடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். காய்ச்சல் எவ்வளவு, வலி பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, டிரெயினில் எத்தனை மி.லி., சிறுநீர், மலம் எப்படி என்று எழுதி வாருங்கள். ஒரு நாளின் எண்ணை மட்டும் வைத்து எதுவும் தெரியாது. நாலு நாள் எண்களைச் சேர்த்துப் பார்த்தால் போகிற திசை தெரியும். வலி, வீக்கம், கசிவு மூன்றும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டே வந்தது திடீரென்று ஏறினால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: அம்மாவின் வயிற்றுத் தையல் ஓரம் கொஞ்சம் சிவந்திருக்கிறது. இது சாதாரணமா, சீழ் பிடிக்கிறதா? தினமும் பஞ்சில் மருந்து தொட்டுத் துடைக்கலாமா?

பதில்: முதல் இரண்டு மூன்று நாள் தையலின் ஓரத்தில் மெல்லிய சிவப்பும், லேசான வீக்கமும், தொட்டால் வலியும் இருப்பது காயம் ஆறுவதன் ஒரு பகுதிதான். தொற்று பொதுவாக நாலைந்து நாளுக்குப் பிறகு, பத்து நாளுக்குள் தலைகாட்டும். 30 நாள் வரைக்கும்கூட வரலாம். உள்ளே செயற்கை மூட்டோ வலையோ வைத்திருந்தால் மூன்று மாதம் வரை கவனம் வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சிவப்பின் விளிம்பை பால்பாயிண்ட் பேனாவால் தோலில் கோடு போட்டு, நேரம் எழுதிவையுங்கள். ஆறு மணி நேரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் பரவுகிறது என்று அர்த்தம். தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரே தூரத்திலிருந்து போட்டோ எடுத்துவைத்தால் மருத்துவருக்கு அதைவிட நல்ல தகவல் கிடையாது. புறங்கையை வைத்துப் பார்க்கும்போது சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாக இருப்பது, குறைந்த வலி மறுபடி கூடுவது, கெட்ட வாடை, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைக் கசிவு, 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் ஆகிய எதுவானாலும் போன் செய்யுங்கள். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சூட்டையும் இறுக்கத்தையும் நம்புங்கள். முதல் 48 மணி நேரத்தில் வரும் லேசான காய்ச்சலுக்குப் பெரும்பாலும் தொற்று காரணமாக இருப்பதில்லை. அதற்குப் பிறகு வருவதை அப்படி விட்டுவிட முடியாது.

துடைக்க வேண்டாம். மூடிய, உலர்ந்த தையலுக்கு ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ தேவையில்லை. புதிதாக வளர்ந்துவரும் செல்களையும் அவை சேர்த்தே கொன்றுவிடும். பவுடரும் களிம்பும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். பெரும்பாலான தையல்களில் 48 மணி நேரத்துக்குப் பிறகு தண்ணீர் மேலிருந்து ஓடும்படி குளிக்கலாம். தேய்க்காமல், சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். தொட்டியிலோ குளத்திலோ ஊறவைத்துக் குளிப்பது மட்டும் மருத்துவர் அனுமதிக்கும் வரை கூடாது.

வயிற்றுத் தையலில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், இருமும்போது “ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கு” என்று அம்மா சொல்லி, இளஞ்சிவப்பு நிறத் தண்ணீர் திடீரென்று கட்டை நனைத்தால், மேல்தோல் ஒட்டியிருந்தாலும் உள்தையல் விட்டிருக்கலாம். முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, அது காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணிக்கு மார்பக ஆபரேஷன் முடிந்து, கையெறிகுண்டு மாதிரி ஒரு ரப்பர் குமிழ் டிரெயினோடு அனுப்பியிருக்கிறார்கள். அதை எப்படிக் கையாள்வது? சில சமயம் காலியாகவே இருக்கிறதே?

பதில்: அந்தக் குமிழ் வெறும் பாத்திரம் அல்ல, உறிஞ்சும் கருவி. அமுக்கி மூடினால், பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலும்போது உள்ளே தேங்கும் நீரை இழுக்கும். முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு, காலி செய்துவிட்டு உருண்டையாக இருக்கும்போதே மூடியைப் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் உறிஞ்சல் இருக்காது. நீர் தோலுக்கடியில் தேங்கும்.

முதலில் சோப்பால் 20 நொடி கை கழுவுங்கள். அடுத்தது குழாயைப் பிழிவது. தோலுக்குப் பக்கத்தில் குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிடி நழுவினால் தையல் இழுபடும். மறு கையின் இரண்டு விரலால் குழாயை அழுத்தி, குமிழை நோக்கி வழித்துக்கொண்டே வாருங்கள். உள்ளே நூல் மாதிரி இருக்கும் உறைகட்டிகள் இதில் நகர்ந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து அளவு போட்ட கோப்பையில் ஊற்றி, கோப்பையைச் சமதளத்தில் வைத்துக் கண் மட்டத்தில் படியுங்கள். குமிழின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, குமிழைத் தட்டையாக அமுக்கிப் பிடித்தபடியே மூடுங்கள். மூடிய பிறகு கையை எடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, அல்லது பாதி நிரம்பும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். நிரம்ப நிரம்ப இழுக்கும் சக்தி குறையும் என்பதால் முழுக்க நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு டிரெயின் இருந்தால் ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டித் தனித்தனியாக எழுதுங்கள். கூட்டி எழுதினால் எதை எடுக்கலாம் என்று தெரியாது.

குமிழ் காலியாக இருந்து, குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் ஈரம் கசிந்தால் உள்ளே அடைப்பு. பிழிந்து பாருங்கள், சரியாகாவிட்டால் போன் செய்யுங்கள். அமுக்கி மூடிய சில நிமிடத்திலேயே குமிழ் காற்றால் உப்பிவிட்டால், மூடி தளர்ந்திருக்கலாம். இல்லையென்றால் குழாய் வெளியே இழுபட்டு அதன் ஓட்டை தோலுக்கு வெளியே வந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் குமிழ் தட்டையாக, கசிவும் இன்றி, அளவு நாளுக்கு நாள் குறைந்து வந்தால் அது நல்ல செய்தி.

நிறம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, வைக்கோல் மஞ்சளாக மாற வேண்டும். அளவு 80, 60, 45 என்று இறங்கி வந்தது, ஒரு நாள் 90 ஆகி, அடர்சிவப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால் காத்திருக்காதீர்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் என்பதை எடுப்பதற்கான அளவாகப் பலரும் வைத்திருக்கிறார்கள், முடிவு மருத்துவருடையது. குமிழைத் தொங்கவிடாமல் காயத்துக்குக் கீழே உடுப்பில் ஊக்கு போட்டு மாட்டுங்கள். பலர் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுத்துக்கொண்டதுண்டு. கழன்று வந்துவிட்டால் திரும்பச் செருகவே கூடாது. சுத்தமான துணியால் அழுத்தி மூடிவிட்டுக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் கணவர் வலியைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார். கட்டாயப்படுத்த வேண்டுமா?

பதில்: வலியைப் பொறுப்பதில் வீரம் ஒன்றுமில்லை, வேலை கெடுவதுதான் மிச்சம். வலித்தால் ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். நுரையீரலில் சளி தேங்குவதும் காலில் ரத்தம் உறைவதும் அங்கேதான் தொடங்குகின்றன. வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை போட்டால் அது பிடிக்கவே அரை மணி, முக்கால் மணி ஆகும். ஆகவே முதல் சில நாள் எழுதிக் கொடுத்ததைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். நடக்க வைப்பதற்கு முக்கால் மணி முன்பு ஒரு வேளை வரும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். “வலி பத்துக்கு எத்தனை?” என்பதைவிட “நன்றாக இரும முடிகிறதா?” என்று கேளுங்கள். முடிந்தால் மருந்து போதும்.

பாரசிட்டமாலின் வரம்பை மட்டும் மனதில் வையுங்கள். நல்ல எடையுள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், 500 மி.கி. மாத்திரை என்றால் எட்டு. ஒல்லியானவர், வயதானவர், ஈரல் நோய் உள்ளவர், குடிப்பழக்கம் உள்ளவருக்கு இன்னும் குறைவு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், வலி மாத்திரையிலும் பாரசிட்டமால், வீட்டிலிருக்கும் சளி மாத்திரையிலும் பாரசிட்டமால். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டையும் சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

டிராமடால் போன்ற வலுவான மருந்து கொடுத்திருந்தால் இரண்டு விஷயம். ஒன்று மலச்சிக்கல். முக்கினால் தையல் இழுபடும் என்பதால், மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் முதல் மாத்திரையோடு சேர்த்தே மலமிளக்கி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். மற்றொன்று தூக்கம். கூப்பிட்டால் கண் திறக்காத தூக்கமோ, நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சோ, நீலம் பாரித்த உதடோ இருந்தால் அது அவசர நிலை. அந்த மருந்தோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரவே கூடாது.

கேள்வி: மூன்று பந்து உள்ள ஊதும் கருவி கொடுத்தார்கள். மாமா எவ்வளவு ஊதியும் பந்து மேலே போகவே இல்லை.

பதில்: ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். பெயரே தப்பாகப் பரவிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, வாயால் குழாயை இறுகக் கவ்வி மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். மேலே போன பந்து மூன்றிலிருந்து ஐந்து நொடி நிற்க வேண்டும். மூன்று பந்தையும் வெடுக்கென்று தூக்கிவிட்டுக் கீழே போடுவதைவிட, ஒரே பந்தை நீடித்து நிறுத்துவது மேல். நுரையீரலின் அடிப்பகுதி விரிய நேரம் வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை. தலை சுற்றினால் இரண்டு மூச்சுக்கு நடுவில் சாதாரணமாக மூச்சு விடட்டும். முடிந்ததும் தலையணையை வயிற்றுத் தையல் மேல் அணைத்து அழுத்திக்கொண்டு இரண்டு முறை பலமாக இருமச் சொல்லுங்கள். இருமினால் தையல் பிரியும் என்று பயந்து இருமலை அடக்கவைப்பதுதான் ஆபத்து.

கேள்வி: இடுப்பு மூட்டு மாற்றிய மாமியாருக்கு ரத்தம் உறையாத ஊசி வயிற்றில் நான்தான் போட வேண்டும். கை நடுங்குகிறது. நன்றாக நடக்கிறாரே, நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து வீட்டுக்கு வந்தவுடன் முடிவதில்லை, வாரக்கணக்கில் நீடிக்கிறது. அதனால்தான் இடுப்பு மூட்டுக்கு 35 நாள் வரை மருந்து கொடுக்கிறார்கள்.

கை கழுவி, மாமியாரைச் சாய்ந்து படுக்க வையுங்கள். தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். தழும்பு, கன்றிய இடம் வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். முழு அளவும் போட வேண்டிய, முன்பே நிரப்பிய ஊசியில் தெரியும் காற்றுக் குமிழை வெளியேற்றாதீர்கள். அது கடைசித் துளி மருந்தையும் உள்ளே தள்ளுவதற்கு உதவும். இரண்டு விரலால் தோலை மடித்துப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுவதும் இறக்குங்கள். மருந்தை மெதுவாகச் செலுத்தி, ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடாதீர்கள். பிறகு தேய்க்கவே கூடாது; தேய்த்தால் பெரிதாகக் கன்றிப்போகும். சிறு நீலம் பயப்பட வேண்டியதல்ல. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயன்றுதான் பலர் விரலில் குத்திக்கொள்கிறார்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போடுங்கள். ஒரு வேளை தவறினால் இரட்டிப்பாகப் போடாமல் போன் செய்து கேளுங்கள்.

கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், நிற்காத மூக்கு ரத்தம் இருந்தால் உடனே சொல்லுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். அதைத் தேய்த்துவிடாதீர்கள், உறைகட்டி நகரக்கூடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுத்தால் நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் ஆம்புலன்ஸ்.

கேள்வி: பித்தப்பை ஆபரேஷன் துளை போட்டுத்தான் செய்தார்கள். வலி தோளில் இருக்கிறதே?

பதில்: வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடில் மிச்சமிருப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசையை உறுத்தும். அதன் நரம்பும் தோளின் உணர்ச்சியும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் மூளை அதைத் தோள்வலி என்று படிக்கிறது. நடமாடினால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் நெஞ்சு அழுத்தமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ கூடவே வந்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: முழங்கால் மாற்றிய பெரியப்பாவுக்குக் காலுக்கடியில் தலையணை வைத்தால் நர்ஸ் எடுத்துவிடுகிறார்.

பதில்: முழங்காலுக்கடியில் வைத்தால் சுகமாக இருக்கும், மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும், பிறகு கால் முழுதாக நீளாது. குதிகாலுக்குக் கீழே வையுங்கள்.

கேள்வி: 78 வயது தாத்தா ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி எங்களை அடையாளம் தெரியாமல் கத்தினார், குழாயைப் பிடுங்கினார். காலையில் சரியாக இருந்தார். புத்தி பேதலித்துவிட்டதா?

பதில்: இது ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு வரும் திடீர்க் குழப்பம். மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இது மணிக்கணக்கில் வந்து, ஏறி இறங்கும். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பின்னால் ஒரு காரணம் இருக்கும். சிறுநீர் கட்டியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள், வலி இருக்கிறதா, காய்ச்சலா, சோடியமோ ஆக்சிஜனோ குறைந்ததா, புதிதாக எந்த மருந்து தொடங்கினார்கள் என்று தேட வேண்டும். எனவே “வயசானால் அப்படித்தான்” என்று யார் சொன்னாலும் விட்டுவிடாமல், “இவர் வீட்டில் இப்படி இருந்ததில்லை” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பது வார்டில் வேறு யாருக்கும் தெரியாது.

கண்ணாடி, காது கருவி, பல்செட் மூன்றையும் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு வருகிறோம். அவை இல்லாமல் அவருக்கு உலகம் பாதிதான். கொண்டுவந்து மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம், கண்ணில் படும்படி கடிகாரம், ராத்திரி தெரிந்த முகம் ஒன்று. அவர் சொல்வதை மறுத்து வாதாடாமல், நீங்கள் யார், இது எந்த இடம், என்ன கிழமை என்று மெதுவாகச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுத்தால் கூடிவிடும். கத்தாமல், பகலெல்லாம் சுருண்டு தூங்கி, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம். தொந்தரவு இல்லை என்று யாரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

மானத்துக்காக மறைக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாலு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் மாயக்காட்சியும் வரும்; வலிப்பும் வரலாம். ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து மருத்துவரிடம் அளவோடு சொல்லியிருந்தால் தடுக்க முடியும். மற்றவர்கள் முன்னால் சொல்லத் தயக்கம் என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் தங்கைக்கு ஆபரேஷன். காலையில் பால் கலந்த டீ மட்டும் கொடுத்தால் என்ன?

பதில்: பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு. பொதுவான விதி: சாப்பாடும் பாலும் 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டம் 8 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். மயக்கத்தில் தொண்டையின் காவல் இருக்காது. வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலில் இறங்கிவிடும். பாவம் என்று ஒரு வாய் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கேள்வி: குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம், தையல் பிரித்தாயிற்று. என் கணவர் வண்டி ஓட்டலாமா? மூன்று வயதுப் பையன் தூக்கச் சொல்லி அழுகிறான்.

பதில்: தையல் பிரித்தது தோலில். உள்ளே, மூன்று வாரத்தில் தசை உறைக்குப் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மீதி பலம் வர மாதக்கணக்கில் ஆகும். எனவே பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். பையன் 14 கிலோவாவது இருப்பான். வண்டியை முதலில் நிற்க வைத்து, பிரேக்கைத் திடீரென்று முழு பலத்தோடு மிதித்துப் பார்க்கட்டும். வலியால் கால் தயங்கினால் இன்னும் ஓட்டக்கூடாது. டிராமடால் எடுக்கும் நாட்களில் எப்படியும் கூடாது. பையனைத் தூக்குவதற்குப் பதிலாக அப்பா சோபாவில் உட்காரட்டும், பையன் தானே ஏறி மடியில் உட்காரட்டும். தையல் பக்கம் ஒரு தலையணை இருந்தால் நல்லது. மூன்று வயதுக்காரன் உதைத்துக்கொண்டேதான் ஏறுவான்.